எட்டாவது ஊசி

ரொட்டி டப்பாவுக்கு அடியில் அந்தப் படிவம் இருந்தது. ஒளித்து வைத்ததாகவும் தெரியவில்லை, எடுத்துப் பார் என்று வைத்ததாகவும் தெரியவில்லை. இல்வா எதையும் அப்படித்தான் வைப்பாள். பிறக்கப்போகும் குழந்தைக்குக் காப்பாளராக யாரை நியமிக்கலாம் என்று நீதிமன்றம் கேட்டிருந்த இடத்தில், பென்சிலால், உருண்டை எழுத்தில் ஒரு பெயர். ஹெல்வி லாம்பினென்.

குன்வோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். பெயர் மாறவில்லை.

இல்வாவுக்குப் பதினேழு வயது. பதினெட்டு நிறையாதவள் பிள்ளை பெறலாம், பால் கொடுக்கலாம், பெயரும் வைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்காகச் சட்டத்தின் முன் ஒரு கையெழுத்துப் போட முடியாது. அவளே இன்னொருவர் பொறுப்பில் இருப்பவள். அந்த இன்னொருவர் குன்வோர்தான். தங்கை மைலிஸின், இல்வாவைப் பெற்றவளின், கார் பனிப்பாதையில் சறுக்கி ஆற்றுக்குள் போனபோது இல்வாவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து பதினொரு வருடம். பல் விழுந்தது, பேன் வந்தது, கணக்கில் தோற்றது, கடைசியில் வடக்கே கிருணா ஊர்ச் சுரங்கத்துக்கு ஓடிப்போன ஒரு பையனால் வயிற்றில் வந்தது, எல்லாம் இந்தச் சமையலறையில்தான் நடந்தது. குழந்தைக்கும் தானே காப்பாளர் என்பதைக் குன்வோர் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. நம் வீட்டுக் கதவு நம்முடையதுதானா என்று யாராவது யோசிப்பார்களா?

"பாத்துட்டியா?" இல்வா வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். காலில் குன்வோரின் கம்பளிக் காலுறை.

"ரொட்டி எடுக்க வந்தேன்."

"கீழ உன் கையெழுத்தும் வேணும் பெரியம்மா. என் கார்டியன்ங்கிற முறையில. நீ போட்டாத்தான் தானும் சம்மதிப்பேன்னு ஹெல்வி சொல்லிட்டா."

"ரொம்பப் பெரிய மனசு அவளுக்கு."

"ஆரம்பிச்சிட்டியா?"

"நான் என்னடி ஆரம்பிச்சேன்? நான் என்ன, செத்தா போயிட்டேன்? ஊர்ல கேட்டா என்ன சொல்றது? பெரியம்மா பக்கத்து ரூம்ல படுத்திருக்கா, பிள்ளைக்குக் கார்டியன் பஸ் ஏறி வரணும்னா?"

இல்வா மெல்லிய ரொட்டியில் பழுப்பு வெண்ணெயைத் தடவிச் சுருட்டினாள். "அக்டோபர்ல எனக்குப் பதினெட்டு. அதோட உன் வேலையும் முடிஞ்சிடும்ல?" என்றாள், ரொட்டியைப் பார்த்தபடி.

உன் வேலை. அந்தச் சொல் குன்வோருக்குள் போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

ஹெல்வியும் குன்வோரும் ஒரே பிரசவ வார்டில் மருத்துவச்சிகள். குன்வோருக்கு இருபத்தாறு வருட அனுபவம், ஹெல்விக்கு நான்கு. வார்டில் குன்வோரின் கைகளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வலி வந்தவளின் இடுப்புக்குப் பின்னால் அவள் உள்ளங்கையை வைத்தால் அடுப்புக் கல்லை வைத்த மாதிரி இருக்கும் என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் வார்டில் எல்லோருக்கும் ஊசி வைத்தியம் சொல்லிக்கொடுத்தார்கள், அக்குபங்சர், மூன்று நாள் பயிற்சி. முதல் நாளே ஆசிரியை குன்வோரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் ஊசியை இறக்கித் திருகினாள். மந்தமான, கனமான ஒரு வலி முழங்கை வரை ஏறியது. காரணமே இல்லாமல் குன்வோருக்குக் கண்ணில் நீர் முட்டியது. காபி நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டாள். "நான் பிரசவம் பாக்க வந்தவ, தையல் வேலைக்கு வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்டே சிரித்தது. சிரிக்காமல் இருந்தவள் ஹெல்வி மட்டும்தான். அவள் மூன்று நாளும் இருந்து கற்றுக்கொண்டாள்.

அது குன்வோரை உறுத்தியதில்லை. உறுத்தியது இந்தக் குளிர்காலத்தில். ஆறாம் மாதத்தில் இல்வாவுக்கு இடுப்பெலும்பு வலி. குன்வோர் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள். பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல பெரியம்மா" என்றாள். பரவாயில்லை என்ற சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று இருபத்தாறு வருடம் கேட்டவளுக்குத் தெரியாதா? பிறகு இல்வா ஊசி போட்டுக்கொள்ள ஹெல்வியிடம் போனாள். திரும்பி வந்தவள் படி ஏறும்போது சீட்டி அடித்தாள். சீட்டி! பகலிலேயே மூன்று மணி நேரம் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைக் கதவோரம் நின்று பார்த்த குன்வோருக்கு முதலில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே, நிம்மதியை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு, வேறொன்று வந்தது.

அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் முகத்தை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள், தன் அம்மாவிடம்.

குன்வோர் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவள். நாற்பத்தேழாம் வருடம். அந்தக் காலத்தில் அப்படிப் பிறந்த எந்தக் குழந்தையையும் சட்டம் தாயிடம் மட்டும் விட்டுவைக்காது. பிள்ளையைக் கண்காணிக்க ஊர்க் கமிட்டி ஓர் ஆளை வைக்கும். இவர்கள் வீட்டுக்கு வந்தவள் மிஸ் ஹெட்மான். கமிட்டிக்காரம்மா. வருடத்துக்கு இரண்டு முறை வந்து ரொட்டி டப்பாவைத் திறந்து பார்ப்பாள், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாள். அவள் வருவதற்கு முதல் நாள் அம்மா ஜன்னல்களைத் தேய்த்துக் கழுவுவாள், உதட்டை இறுக்கிக்கொண்டு. குன்வோருக்கு மட்டும் கமிட்டிக்காரம்மாவைப் பிடிக்கும். அவளுடைய சாம்பல் நிறத் தோல் கையுறைகளை மாட்டிப் பார்க்க விடுவாள், உப்பு மிட்டாய் தருவாள். பேருந்து நிற்கும் சத்தம் கேட்டதும் குன்வோர் ஓடுவாள். ஒருமுறை பாதியில் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை அவள் மறந்ததே இல்லை. அதே முகம் இந்தக் குளிர்காலத்தில் தன் கழுத்தின் மேல் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

*

ஏப்ரல் முதல் ஞாயிறு காலை இல்வாவுக்கு வலி எடுத்தது. விரிகுடாவின் பனி இன்னும் இறுகியே கிடந்தது, ஓரத்தில் மட்டும் கறுத்திருந்தது. சொந்தக்காரிக்குச் சொந்தக்காரி பிரசவம் பார்க்கக்கூடாது என்பது வார்டின் வழக்கம். அதனால் குன்வோர் வெள்ளை உடுப்பு இல்லாமல், வீட்டுப் பின்னல் சட்டையோடு, கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் அந்த நாற்காலி இவ்வளவு தாழ்வானது என்று அவளுக்குத் தெரிந்ததில்லை.

அன்று பணியில் இருந்தவள் ஹெல்வி. இருக்கமாட்டாளா பின்னே!

"வந்துட்டியா என் சண்டைக்காரி," என்று இல்வாவின் கன்னத்தைத் தட்டினாள் ஹெல்வி. "குன்வோர், காபி குடிச்சியா?"

"குடிச்சேன்." குடிக்கவில்லை.

பத்து மணிக்கு வலி நெருங்கி நெருங்கி வந்தது. குன்வோர் எழுந்து, எத்தனையோ பெண்களுக்கு வைத்தது போல, இல்வாவின் முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"பெரியம்மா, கையை எடு."

"கொஞ்சம் பொறு, சூடு ஏறட்டும்."

"எடுன்னு சொல்றேன்ல! ஹெல்வி, ஊசி போடு. ஊசி!"

குன்வோர் கையை எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், அங்கே அது வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. ஹெல்வி மெல்லிய ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டு கைகளிலும் கட்டைவிரல் பள்ளத்தில். பிறகு கணுக்காலுக்கு மேல். ஒவ்வொன்றையும் திருகும்போது, "இப்பவா? கனமா இருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். இல்வா, "ம்ம்... இப்ப" என்றாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு ஓடியது. அந்தப் பேச்சைப் பயிற்சியின் முதல் நாள் காபி நேரத்தோடு விட்டுவிட்டு வந்தவள் குன்வோர். இல்வாவின் தோள் இறங்கியது. தாடை தளர்ந்தது. வலி வந்தபோதும் அவள் ஓர் அலையின் மேல் மிதப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

பார்க்க முடியவில்லை. "தண்ணி கொண்டுவர்றேன்" என்று குன்வோர் எழுந்துபோனாள். தண்ணீர் பிடிக்க ஒரு நிமிடம் போதும். அவள் பத்து நிமிடம் குழாயடியில் நின்றாள். திரும்பி வந்தபோது மீதி ஊசிகளையும் ஹெல்வி போட்டு முடித்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் அறைக் கதவின் மேல் அவசரத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெல்வி துள்ளி எழுந்தாள். "குன்வோர், எட்டு ஊசி. எடுத்துடறியா? தள்ளுறதுக்கு முன்னாடி எடுக்கணும். இதோ வந்துடறேன்." ஓடினாள்.

குன்வோர் எடுத்தாள். கையில் இரண்டு, காலில் இரண்டு, முதுகின் அடியில் இரண்டு, அடிவயிற்றின் முடிவில் ஒன்று. கிண்ணத்தில் ஏழு. விரிப்பை உதறினாள், கவுனின் மடிப்புகளைப் பார்த்தாள், குனிந்து தரையைப் பார்த்தாள். ஏழுதான்.

பிரசவக் குறிப்புத் தாளில் ஹெல்வி 'போட்டது: 8' என்று எழுதியிருந்தாள்.

எட்டு வரை எண்ணத் தெரியவில்லை இவளுக்கு.

அந்த நினைப்பு வந்தபோது குன்வோரின் நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று ஏதோ பரவியது. கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோபம் அவ்வளவு இனிக்காது என்பது தெரிந்தே சொல்லிக்கொண்டாள். தாளில் 'எடுத்தது: 7. எண்ணிப் போடவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஹெல்வி சரியான நேரத்துக்குத் திரும்பி வந்தாள். பன்னிரண்டு நாற்பத்தேழுக்குப் பெண் குழந்தை. ஊதா நிறத்தில் கோபமாக வந்து, அழுது, சிவந்தது. இல்வா சிரித்தாள், அழுதாள், "ஐயோ, இதுக்கு நகமெல்லாம் இருக்கு!" என்றாள். குன்வோர் தொப்புள்கொடியை வெட்டினாள். கத்தரிக்கோலை அவளிடம் நீட்டியவள் ஹெல்வி. அந்தக் கொடையைக்கூட அவளால் சும்மா வாங்கிக்கொள்ள முடியவில்லை. என் வீட்டுப் பிள்ளையின் கொடியை வெட்ட இவள் எனக்கு அனுமதி கொடுக்கிறாளா?

*

மருந்து அறையில் தவறுகளைத் தெரிவிக்கும் தாள்கள் ஒரு தட்டில் இருக்கும். குன்வோர் ஒன்றை எடுத்து நின்றபடியே எழுதினாள். 'ஊசி போட்டவர் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. நோயாளியின் பாதுகாப்பு கருதித் தெரிவிக்கிறேன்.' நல்ல கையெழுத்து அவளுக்கு. வாசித்துப் பார்த்தாள். ஒரு பொய்யும் இல்லை. இதன் நகல் ஒன்றை இல்வாவின் படிவத்தோடு சேர்த்து அனுப்பினால் நீதிமன்றம் என்ன நினைக்கும்? எட்டை எண்ணத் தெரியாதவளிடம் ஒரு குழந்தையைக் கொடுப்பார்களா? கொடுக்கமாட்டார்கள். பிறகு வேறு யார் இருக்கிறார்கள்?

தாளைக் கைப்பையில், அந்தப் படிவத்தின் பக்கத்தில் வைத்தாள்.

அறையில் இல்வா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். குழந்தை அவள் மார்பில், மஞ்சள் போர்வைக்குள். வியர்வையில் முடி கயிறாகத் திரிந்து கிடந்தது.

"சீவி விடறேன்," என்றாள் குன்வோர்.

"பிடிச்சு இழுக்காத. சின்ன வயசுல என் தலையில பாதி முடி உன் சீப்போட போச்சு."

"பேன் வச்சிட்டு வந்தா சும்மா விடுவாங்களா?"

கட்டிலுக்குப் பின்னால் நின்று, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வந்தாள். உச்சந்தலையில் சீப்பு எதிலோ பட்டது. டிக். மெல்லிய, உலோகச் சத்தம்.

முடியை விலக்கினாள். உச்சியின் நடுவே, கூந்தலுக்குள் முழுக்க மறைந்து, எட்டாவது ஊசி நின்றுகொண்டிருந்தது.

"என்ன பெரியம்மா?"

"ஒன்னுமில்ல. முடிச்சு."

உருவினாள். இல்வாவுக்குத் தெரியவே இல்லை. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. உள்ளங்கையில் அதைப் பார்த்தாள். கைப்பிடி மட்டும் செம்பு நிறம். இவ்வளவு மெல்லியதா! ஹெல்வி சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எட்டு என்று சொன்னவளை நம்பியிருந்தால் குன்வோர் இன்னும் தேடியிருப்பாளே. தேடாமல் விட்டவள் அவள்தான். ஹெல்வி தவறியிருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. ஆசைக்கு ஏழு போதுமாக இருந்தது.

ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் தொங்கியது. உள்ளே விட்டால் முடிந்தது. மூடிக்குள் போனதை யாரும் எடுத்து எண்ண மாட்டார்கள். குறிப்பில் ஏழு இருக்கும், கைப்பையில் தாள் இருக்கும்.

டப்பாவின் முன் நின்றபோது அவளுக்குக் கையுறை நினைவு வந்தது.

ஏழு வயது. பிப்ரவரி. மிஸ் ஹெட்மான் படுக்கையறையைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், அம்மா அந்தச் சாம்பல் கையுறைகளில் ஒன்றை எடுத்து விறகுப் பெட்டிக்குள், பிர்ச் கட்டைகளுக்கு அடியில் செருகினாள். பிறகு நிமிர்ந்து குன்வோரைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். கமிட்டிக்காரம்மா அரை மணி நேரம் தேடினாள். "என்ன ஞாபகமோ எனக்கு, வயசாகுது" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். குன்வோர் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். உறைபனியில் பேருந்து நிறுத்தம் வரை, ஒரு கையைக் கோட்டுக்குள் அக்குளில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் நடந்துபோனாள். அடுத்த முறை கமிட்டியிலிருந்து வேறொருத்தி வந்தாள். அம்மா ஜெயித்துவிட்டாள். ஜெயித்த அன்று மாலை, விறகுப் பெட்டியின் பக்கம் திரும்பாமல் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடும் அளவுக்கு மேலும் உரித்துக்கொண்டே இருந்தாள்.

குன்வோர் ஊசியை ஒரு காகிதக் கிண்ணத்தில் போட்டு, பிரசவக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஹெல்வி மருத்துவச்சிகளின் சின்னச் சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் தட்டு: வாட்டிய ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் பானம், நடுவில் பல் குச்சி அளவில் நீலமும் மஞ்சளுமான ஒரு தேசியக் கொடி.

"எட்டு," என்று கிண்ணத்தை நீட்டினாள் குன்வோர்.

ஹெல்வி பார்த்தாள். முகம் வெளுத்தது. "எங்க இருந்துச்சு?"

"உச்சந்தலையில. முடிக்குள்ள. இப்பத்தான் சீவும்போது..."

"ஐயோ, நான் சொல்லியிருக்கணும். ஓடுற அவசரத்துல சொல்லாம போயிட்டேன்."

"நீ எட்டுன்னு சொன்ன. நான் ஏழோட நிறுத்திட்டேன். உனக்கு எண்ணத் தெரியலன்னு குறிப்புலயும் எழுதிட்டேன்." சொல்லச் சொல்லக் குன்வோரின் காது சூடானது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். "இதையும் எழுதினேன்."

ஹெல்வி வாசித்தாள். ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"உச்சி ஊசியை எல்லாரும் மறப்பாங்கன்னு டீச்சர் ரெண்டாம் நாள் சொன்னாங்க," என்றாள் ஹெல்வி கடைசியில்.

"நான்தான் முதல் நாளே தையல் வேலை வேண்டாம்னு போயிட்டேனே."

ஹெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குன்வோர் சிரிக்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மருந்து அறையிலிருந்து புதுத் தாள் எடுத்து வந்து நடந்ததை நடந்தபடி எழுதினாள். எட்டாவது ஊசி கூந்தலில் இருந்தது, சரியாகத் தேடாதவள் தான்தான். பிரசவக் குறிப்பில் '7. எண்ணிப் போடவில்லை' என்பதை அடித்து எட்டு என்று போட்டாள். "சிரிச்சு முடிச்சிட்டியா? உன் ரொட்டி தீயுது."

"நீ ரொம்ப மோசம் குன்வோர்," என்றாள் ஹெல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னை உனக்குப் பிடிக்கல, இல்ல?"

குன்வோர் யோசித்தாள். "ஆமா," என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் பிடிக்காது."

*

அறைக்குத் திரும்பி, ஜன்னல் விளிம்பில் படிவத்தை வைத்து, ஹெல்வியின் பெயருக்குக் கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டாள். இல்வா குழந்தையின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா?"

"என் வேலை முடிஞ்சிடும்னு நீதானே சொன்ன. அதான் முடிச்சிட்டேன்."

"ஐயோ பெரியம்மா!" குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. இல்வா குரலைத் தாழ்த்தினாள். "கார்டியன்னா ஒரு தேதி இருக்கு. அக்டோபர் பதினொன்னு. அன்னைக்கு உன் வேலை முடிஞ்சிடுச்சுன்னு எனக்கு ஒரு கடுதாசி வரும். ரெண்டு வருஷமா அந்தத் தேதி வரவே கூடாதுன்னு நினைச்சிட்டிருக்கேன், தெரியுமா? எனக்குப் பதினெட்டு ஆயிட்டா இவளுக்கும் கார்டியன் வேண்டாம், அதே தேதிதான். தேதி போட்ட ஆளா ஹெல்வி இருந்துட்டுப் போகட்டும். நீ அப்படி ஒரு ஆளா இருக்காத."

குன்வோர் மூக்கை உறிஞ்சினாள். "கடுதாசி வந்தா நான் எங்கடி போவேன்? என் வீடுதானே அது."

"அப்ப சரி."

அவ்வளவுதான் பேசினார்கள். பதினொரு வருடத்தில் இதை ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாமல் எப்படி ஒரே மேசையில் ரொட்டி தின்றோம் என்று குன்வோருக்கு வியப்பாக இருந்தது. நெஞ்சில் ஏதோ இளகியது. ஆனால் முழுக்க இளகவில்லை. "கையை எடு" என்ற குரல் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. அது இருக்கும், அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. ஹெல்வி புதிதாக வாட்டிய ரொட்டியோடு, கொடி ஆட ஆட, தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். இல்வாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி கதவின் பக்கம் போவதைக் குன்வோர் பார்த்தாள்.

இரண்டே எட்டில் குறுக்கே போய்த் தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"கொடு," என்றாள். "இதை நான் குடுக்கிறேன்."

ஹெல்வி விட்டுக்கொடுத்தாள்.